துருவம் போன கடிகாரம்

பழம்பொருள் கடையில், தென்துருவப் பயணத்தின் நினைவாகச் செய்த கைக்கடிகாரம் ஒன்று வெல்வெட் பெட்டியில் சாய்ந்துகொண்டு பனிப்புயல் கதைகளை அளந்துகொண்டிருந்தது. ஏலத்துக்கு முன் அதன் பூர்வீகத்தை விசாரிக்க வந்த பூதக்கண்ணாடி, பின்மூடியைத் திறக்கச் சொன்னது. உள்ளே தயாரித்த வருஷமும், ரிப்பேர்காரர்கள் கீறி வைத்த குறிப்புகளும் இருந்தன.

“பயணம் முடிந்து ஐம்பது வருஷம் கழித்துப் பிறந்திருக்கிறாய். முதல் ரிப்பேர் கும்பகோணம், வியர்வை புகுந்தது. இரண்டாவதும் அதேதான். நீ பனியையே பார்த்ததில்லையே!”

“அதனாலென்ன? கதை எனக்குத்தானே தெரியும்!”

மூலையில் பேனாக்கள் செருகியிருந்த தகரக் குவளையின் மேல் அந்தப் பயணக் கப்பலின் முத்திரை தெரிந்தது. “நீ போயிருந்தாயா?” என்று கண்ணாடி கேட்டது.

“போனேன். ரொம்பக் குளிர்.”

கடிகாரம் சிரித்தது. “கேட்டீர்களா? இவனையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் என்ன பிரயோஜனம்!”