கிளைவ் மிதித்த லேசர்

கிளைவ் அந்த லேசரைக் கீழே போட்டார். போட்டதோடு விட்டாரா? எடுக்கப் போகிறவர் மாதிரி போய், பூட்ஸ் காலை அதன் மேலேயே வைத்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ஆஸ்திரேலியாவில், டப்போ ஊரில் ரிட்டயரான ஆண்கள் கூடும் பட்டறை அது. டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"வாங்கி ஒரு வாரம்கூட ஆகலியேடா!" என்று முதலில் கத்தியவர் டட்லி. "உனக்குக் கையும் சரியில்ல, காலும் சரியில்ல. வேற எதுதான்டா சரியா இருக்கு?"

"என் பொண்டாட்டியும் அதைத்தான் கேக்கறா," என்றார் கிளைவ்.

எல்லோரும் சிரித்தார்கள். டட்லி கூடுதலாகவே சிரித்தார். 'விட்டது சனியன்' என்று அவருக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி.

பட்டறையில் துளை போடும் மெஷின் ஒன்று உண்டு. அதற்கு ஒரு கெட்ட பழக்கம். தலையை மேலே தூக்கினால், தூணைச் சுற்றித் தன்னிஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடும்.

அதற்குத்தான் லேசர். விரல் நீளம்தான். மெஷின் தலையில் பொருத்திவிட்டால் எதிர்ச் சுவரில் புள்ளி விழும். அங்கே பென்சிலால் ஒரு குறி. தலையைத் தூக்கிய பிறகு, புள்ளி மறுபடி குறியில் விழும்வரை திருப்பினால் வேலை முடிந்தது. முனையைத் திருகினால் புள்ளி கூர்மையாகும்.

சிவப்பு வாங்குவதா, பச்சை வாங்குவதா என்று கமிட்டியில் பேச்சு வந்தது.

"டட்லிதான் மெஷினே கதின்னு நிக்கறான். அவனைக் கேளுங்க," என்றார் கிளைவ்.

டட்லிக்குப் பிறவியிலிருந்தே சிவப்பு தெரியாது. மற்றவர்களுக்குச் சிவப்பாக இருப்பது அவருக்கு ஏதோ அழுக்கு நிறம். செத்துப்போன மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது. வெளியே தெரிந்தால் போச்சு. கண்ணில் கோளாறு உள்ளவன் மெஷினைத் தொடக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். மூலையில் உட்கார்ந்து மரப் பொம்மைக்கு உப்புத்தாள் தேய்க்க வேண்டியதுதான். மெஷினை விட்டால் டட்லிக்கு அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது?

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"சிவப்பே போதும்பா. பச்சையெல்லாம் கண்ணு அவிஞ்சவனுக்கு."

கமிட்டி சிவப்பு என்று தீர்மானம் போட்டது. சிவப்பு வந்தது. "அடேயப்பா, என்னமா விழுது!" என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். டட்லிக்குத் தெரிந்தது வெறும் சுவர். அவரும் மெச்சினார்.

மறுநாள், மற்றவர்கள் டீக்குப் போயிருந்த நேரம். டட்லி பென்சிலோடு சுவர் ஓரம் நின்றார். மெஷின் பக்கத்தில் கிளைவ்.

"டட்லி, புள்ளி கூர்மையா இருக்கா பாரு."

"ஊசிமுனை மாதிரி இருக்குடா! கச்சிதமா குறியில நிக்குது."

கிளைவ் லேசரை ஒரு தடவை பார்த்தார், டட்லியை ஒரு தடவை பார்த்தார்.

பார்க்கில் குழந்தைகள் ஏறும் குட்டி ரயிலுக்கு டட்லி அன்று போட்ட துளை, ஒரு விரற்கடை தள்ளிப் போய் விழுந்தது. "இரும்பு மட்டம்," என்று சமாளித்தார். இன்னும் மூன்று துளை பாக்கி. ராத்திரி தூக்கமே வரவில்லை. இரும்பின் மேலேயே எத்தனை தடவை பழி போட முடியும்?

அந்த நேரத்தில்தான் கிளைவின் பூட்ஸ் கால் புண்ணியம் கட்டிக்கொண்டது.

உடைத்தவன் வாங்கித் தர வேண்டும் என்றார் தலைவர் ஹெக்டர். அடுத்த வாரம் கிளைவ் புது லேசரோடு வந்தார். பச்சை.

"தீர்மானத்துல சிவப்புன்னுல்ல இருக்கு?" என்றார் ஹெக்டர்.

"என் கண்ணு மங்கிப்போச்சுப்பா. சிவப்பு தெரியல."

"அப்ப நீ மெஷினைத் தொடக் கூடாது. சட்டம் தெரியும்ல?"

"தெரியும். உப்புத்தாளை எடு."

செவ்வாய்க்கிழமை தோறும் மெஷினில் நின்று பேரனுக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்த கிளைவ், அன்றே மூலைக்குப் போய் மர வாத்தைத் தேய்க்க உட்கார்ந்தார். பாதி எஞ்சின் அலமாரியில் தூங்கியது.

டட்லி சுவரைப் பார்த்தார். பச்சைப் பட்டாணி மாதிரி புள்ளி! முனையைத் திருகினார். கடுகாகச் சுருங்கியது. பாக்கி மூன்று துளையும் அம்சமாக விழுந்தன.

"நான் அன்னிக்கே சொல்லல? பச்சை கண்ணு அவிஞ்சவனுக்குன்னு!" என்று பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். தினமும் டீ வேளையில் கிளைவைக் கிண்டல் பண்ணாவிட்டால் அவருக்கு லாமிங்டன் கேக் உள்ளே இறங்காது.

ஒரு நாள் அப்படித்தான் டீ கப்பைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார்.

"வாத்துக்கு மூக்கு எங்கேன்னாவது தெரியுதாடா?"

"தெரியுது."

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். கை தவறிக் கீழே போட்டே, சரி. அதை எதுக்குடா மூணு மிதி மிதிச்சே?"

கிளைவ் நிமிரவில்லை. வாத்தின் மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு மிதிக்கு அது உடையல."

டட்லியின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னது?"

"கத்தாதே, ஹெக்டர் இருக்கான். அன்னிக்குச் சுவர்கிட்ட நின்னு, 'ஊசிமுனை மாதிரி இருக்கு'ன்னியே... அப்ப நான் லேசருக்கு ஸ்விட்சே போடலடா."