திரையில் விழுந்த வெளிச்சம்

"ஜன்னலைச் சாத்தப் போறியா இல்லையா, செம்மல்?"

பிரெஞ்சு டீச்சர் வினோதா மதாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டார். முன்வரிசையில் பிரான்சிலிருந்து வந்த விருந்தாளி உட்கார்ந்திருந்தார். கத்த முடியாது.

படம் நல்ல கட்டத்தில் இருந்தது. தலைப்பாகை கட்டிய பையன் ஒருத்தன். அதைக் கழற்றினால்தான் உள்ளே விடுவோம் என்று வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் சொல்லிவிட, கொட்டுகிற பனியில் கேட்டுக்கு வெளியே நிற்கிறான். பாதி வகுப்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் செம்மல் எழுந்துபோய்க் கறுப்புத் துணியை விலக்கி ஜன்னலைத் திறந்தான். வெளிச்சம் திரையில் விழுந்து பாதிப் பையனைக் காணோம்.

"சாத்த மாட்டேன் மதாம். வந்து பாத்தா நீங்களும் சாத்த மாட்டீங்க."

"திமிரு. போய் மூலையில நில்லு."

போய் நின்றான். ஜன்னல் திறந்தேதான் கிடந்தது.

புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதிவாணனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன். அடுத்தவர் கலாச்சாரத்தைப் புரிந்துகொள்ளத்தான் இந்தப் படம். படம் முடிந்ததும் பேச்சு. நன்றாகப் பேசுகிறவனை லீவில் பிரான்சுக்குக் கூட்டிப்போகிறார்கள். அந்தப் போட்டியில் கடைசியாக மிஞ்சியது அவனும் செம்மலும். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அப்பா, பையன் பிளேன் ஏறப் போகிறான் என்று இப்போதே மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இனி அது பொய்யாகாது.

மதாம் படத்தை நிறுத்தினார். என்ன ஆச்சு என்று விருந்தாளி பிரெஞ்சில் கேட்க, பையனுக்கு ஏசி ஒத்துக்காது என்று மதாமும் பிரெஞ்சிலேயே சமாளித்தார். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் முசியே காலைப் பாருங்க."

வெறுங்கால். விருந்தாளியின் ஷூ வாசலில் கிடந்தது.

"நம்ம ஊர்ல கழட்டி வெளியே விட்டுட்டுத்தான் உள்ள வருவாங்கன்னு யாரோ சொன்னாங்களாம். கேட்டுக்கிட்டு அப்படியே செஞ்சிருக்காரு. இதுதான் அடுத்தவங்க கலாச்சாரத்தை மதிக்கிறது. நீங்களும் இருக்கீங்களே."

ஷூ போட்டிருந்த வகுப்பு மொத்தமும் கைதட்டியது.

"மதி, நீயாவது போய்ச் சாத்திட்டு வா."

சொல்லி முடிப்பதற்குள் ஓடினான். கொக்கியில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வெளியே தாழ்வாரத்தில் நிலவன் நின்றுகொண்டிருந்தான். இவர்கள் வகுப்புதான். கறுப்பு வேட்டி, கழுத்தில் ஐயப்பன் மாலை, மழைச் சாரலில் நனைந்த வெறுங்கால். காலையிலிருந்து புரொஜெக்டரோடு மாரடித்ததில் இவன் உள்ளே வராததை மதிவாணன் கவனிக்கவே இல்லை.

"என்னடா சாமி, இங்க நிக்கற?"

"மாலை போட்டிருக்கேன்ல, ஷூ போட மாட்டேன். ஷூ இல்லாம உள்ள வந்தா வெளிநாட்டுக்காரரு என்ன நினைப்பாரு, லைப்ரரில போய் உக்காருன்னுட்டாங்க மதாம். செம்மல்தான் பாத்துட்டு ஜன்னலைத் திறந்தான்."

நிலவன் எக்கி உள்ளே பார்த்தான்.

"சத்தம் நல்லா கேக்குது மதி. நீ மறைக்கறதுலதான் ஒண்ணும் தெரியல. அந்தப் பையனை உள்ள விட்டாங்களா, இல்லையா?"

"சாத்திட்டியா மதி?" பின்னாலிருந்து மதாமின் குரல். விருந்தாளியும் வெறுங்காலை மடக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

கொக்கி கையில்தான் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் பிரான்ஸ்.

மதிவாணன் சாத்தவில்லை. நிலவனுக்குத் திரை தெரிகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து நின்றான்.