ஆற்றைக் கடக்காத கட்டுரைகள்

"இருபத்தோரு பேரு! அதுல ஒருத்தர்கூடவா கதையை முடிக்கல?"

துணைத் தலைமையாசிரியர் ஆர்செனி லிவோவிச் கட்டுரைத் தாள்களை மேசைமேல் ஓங்கிப் போட்டார். தேநீர்க் குவளை அதிர்ந்தது. எதிரே நின்ற இருவரும், பதினோராம் வகுப்புத் தலைவி தைசியாவும் நெட்டையன் மக்காரும், தரையைப் பார்த்தார்கள்.

பெருநகரத்திலிருந்து மாற்றலாகி அவர் இந்தச் சிற்றூருக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. இலக்கிய ஆசிரியை கிளாவ்தியா யெகோரோவ்னா விடுப்பில் இருந்ததால், நேற்று அவரே வகுப்புக்குப் போய்க் கட்டுரை எழுத வைத்தார். பாடப்புத்தகத்தில் உள்ள பழைய சிறுகதைதான். குதிரை வண்டிக்காரன் யெர்மில், சந்தையில் மனைவிக்கு ஒரு சால்வை வாங்கிக்கொண்டு, பனி இளகும் பருவத்தில் உறைந்த ஆற்றின் மேல் வீடு திரும்புகிறான். நடு ஆற்றில் பனி உடைந்து, வண்டியோடு மூழ்கிப்போகிறான். இடமும் பருவமும் பாத்திரமும் சொல்லும் தொனியும் எப்படி ஒன்றுகூடி அந்த முடிவுக்குக் கொண்டுபோகின்றன என்பதே கேள்வி.

பிள்ளைகள் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். குதிரையின் மணியோசை பக்கத்துக்குப் பக்கம் மெலிவதை ஒருத்தி கவனித்திருந்தாள். கூரையிலிருந்து நீர் சொட்டும் வரியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். ஆனால் எல்லோருடைய யெர்மிலும் ஆற்றில் இறங்காமல் கரையிலேயே நின்றுவிட்டான்.

"யாரைப் பாத்து எழுதினீங்க?"

"யாரையும் பாக்கல, ஆர்செனி லிவோவிச்," என்றாள் தைசியா.

"அப்ப எல்லாருக்கும் ஒரே நேரத்துல கை வலி வந்துடுச்சா?"

"மணி அடிச்சிடுச்சு..." என்று இழுத்தான் மக்கார்.

"புளுகாதே! மணி அடிக்க இருபது நிமிஷம் இருக்கறப்பவே நீ ஜன்னல் வழியா காக்கா எண்ணிக்கிட்டிருந்தே. நான்தான் பாத்தேனே!"

மக்காரின் காதுகள் சிவந்தன.

ஆர்செனி லிவோவிச் இதுபோல எத்தனையோ திருட்டைப் பிடித்தவர். ஆனால் இது விசித்திரமாக இருந்தது. சொற்கள் ஆளுக்கு ஆள் வேறு. ஓட்டை மட்டும் ஒரே இடத்தில். இவ்வளவு நுணுக்கமாகப் பழக்கிவிட ஒரே ஒருவரால்தான் முடியும்.

"உங்க டீச்சரம்மா முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டாங்க. கடைசிப் பக்கத்தை மட்டும் குடுக்க மறந்துட்டாங்க. அதானே?"

"ஐயோ, அவங்களை இதுல இழுக்காதீங்க!" தைசியா பதறினாள்.

அந்தப் பதற்றமே அவருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

"சரி. எல்லாருக்கும் அஞ்சுக்கு ரெண்டு மார்க். மொத்த வகுப்பும் இந்தத் தவணையில ஃபெயில். இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. திங்கக்கிழமை அவங்க வேலைக்கு வர்றாங்க, இந்தத் தாளையெல்லாம் திருத்தப்போறதும் அவங்கதான். அவங்க முன்னாடியே ஒவ்வொருத்தரா எந்திரிச்சு அந்தக் கடைசிப் பக்கத்தைச் சத்தமா படிக்கணும். அவங்க முகத்தைப் பாத்தாலே எனக்கு விஷயம் விளங்கிடும்."

"ரெண்டு மார்க்கே போட்டுடுங்க," என்றான் மக்கார் சட்டென்று. "படிக்க மட்டும் சொல்லாதீங்க."

"ஓஹோ! ஃபெயில் ஆனாலும் ஆவீங்க, அவங்களைக் காட்டிக்குடுக்க மாட்டீங்க!" அவர் வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதத் தொடங்கினார். "நாளைக்கு அவங்க வேலையே போகும், பாருங்க."

தைசியா கையை நீட்டி அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டாள்.

"நாங்க யாரும் பேசி வெச்சுக்கிட்டு எழுதல, ஆர்செனி லிவோவிச். யாருமே முடிவை எழுதலைன்னு தாளைக் குடுத்தப்புறந்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் எழுதல?"

"நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. மீன் பிடிக்கப் போன அவங்க வீட்டுக்காரரு, போன மாசம், நம்ம ஆத்துலதான் பனி உடைஞ்சு உள்ள போயிட்டாரு. நாப்பதாம் நாள் பிரார்த்தனைகூட இன்னும் ஆகல."