முன்வரிசைப் பெண்

சாந்தோம் கோயில் மணி அடித்தபோது பயிற்சிக் கல்லூரி மாணவி செசிலியின் மாதிரிப் பாடம் முடிந்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். பின்னால் உட்கார்ந்து கவனித்த மிஸ் தேவநேசம் எழுந்தார்.

"பாடம் நல்லாத்தான் இருந்தது. ஆனா முன்வரிசைப் பொண்ணு கடைசிவரை கையைத் தூக்கிட்டே இருந்தாள். நீ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே?"

"தப்புதான், மிஸ்."

"எல்லாப் பிள்ளைகளும் நமக்கு ஒண்ணு. பாரபட்சம் வரும்னுதானே பிள்ளை பெத்தவங்களை இந்தக் கல்லூரியில சேர்க்கிறதே இல்லை? உனக்கென்ன வந்தது?"

மிஸ் தேவநேசம் வெளியேறினார்.

கரும்பலகையை அழிக்கும்போது யாரோ முந்தானையை இழுத்தார்கள். முன்வரிசைப் பெண்.

"அவங்க பூட்டாங்க. இப்ப அம்மான்னு கூப்டவா?"

வராந்தாவில் செருப்புச் சத்தம் இன்னும் கேட்டது.

"டீச்சர்னே சொல்லு" என்றாள் செசிலி.