ஆடு தின்னாத இலை

உச்சிவெயில் கூரை ஓட்டையின் வழியே தறியின்மேல் விழுகிறது. ஆணி கிழித்த சென்னய்யாவின் கட்டைவிரல் கறுத்து வீங்கி, வாழையிலைத் துண்டின்மேல் கிடக்கிறது. கம்பவுண்டர் உக்கிரபாண்டி கத்தியை ஸ்பிரிட்டில் நனைக்கிறார். உலக யுத்தம் தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லை.

"விட்டா கை முழுக்க அழுகிரும்மா. விரலை எடுத்துருவோம்."

"விரலு போனா இவுக எப்பிடி நெய்வாக?" சென்னய்யாவின் மனைவி சௌடம்மாள் இரண்டு கலயங்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைக்கிறாள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி, மூன்று நாள் பழையது. ஒன்றில் பூசணம் பஞ்சுபோல் பொங்கியிருக்கிறது. மற்றது இளம்பச்சையாய், இன்று காய்ச்சியதுபோல் இருக்கிறது.

"இதுல ஆடுதின்னாப்பாளைச் சாறு விட்டேன்யா. ஆடே தின்னாத எலையப் பூசணம் திங்குமா? நேத்துலருந்து விரல்லயும் அதைத்தான் விடுறேன்."

கம்பவுண்டர் முதல் கலயத்தை முகர்ந்து முகம் சுளிக்கிறார். இரண்டாவதில் இலையின் கசப்பு வாடை மட்டும்தான். கத்தியைப் பிடித்தபடியே குனிந்து விரலை முகர்கிறார். சென்னய்யா கண்களை இறுக மூடிக்கொள்கிறான். கம்பவுண்டர் மறுபடியும் முகர்கிறார்; அழுகல் வாடை வரவில்லை. கத்தி இன்னும் கையில்தான் இருக்கிறது.

"சாறு மிச்சம் இருக்காம்மா?"