மூணாம் நாள்

"மூணு நாள் ஆகலே. படியேறாதே!"

மயிலாத்தாள் போட்ட சத்தம் பக்கத்துத் தென்னந்தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். பின்பக்கத்துப் படியில் ஒரு காலை வைத்த மருமகள் செல்வப்பிரியா அப்படியே நின்றாள். தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரம்கூட இன்னும் காயவில்லை.

"நின்னுபோச்சுங்க அத்தை. எனக்கு எப்பவும் ஒண்ணரை நாள்தானுங்களே!"

அந்த வாயை அவள் அன்றைக்குத் திறந்திருக்கக் கூடாது. சமையல்கட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள் ராமாத்தாள், மயிலாத்தாளின் நாத்தனார்.

"ஒண்ணரை நாளா? அதென்னடி கூத்து? அதுதான் ரெண்டு வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சியைக் காணோம்! கௌசிக்கு வரட்டும், நான் பேசிக்கறேன்."

கௌசிக், செல்வப்பிரியாவின் புருஷன். இளநீர் லோடோடு கோயமுத்தூர் போனவன் நாளை ராத்திரிதான் கோவிந்தாபுரம் திரும்புவான். இந்த அம்மா பேச ஆரம்பித்தால் அது தன் வாழ்க்கையில்தான் வந்து விடியும் என்று செல்வப்பிரியாவுக்குத் தெரியும்.

மாமியார் பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பின்னாடி ரூமுக்குப் போ" என்றதோடு சரி.

காலேஜ் படித்தவளுக்கு, இந்தக் காலத்திலும் தனித் தட்டு, தனி டம்ளர்! முடிந்துபோனதற்கும் சேர்த்து மூன்று நாள் ஜெயில். என்ன பொம்பளையோ என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு.

மறுநாள் விடிந்ததும் மயிலாத்தாள் வந்து நின்றாள்.

"கிளம்பு. கொல்லங்கோட்டுல லேடி டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்."

பஸ் ஏறும்போதே, போச்சு, டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு என்னைப் பிறந்த ஊட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று செல்வப்பிரியா முடிவே கட்டிவிட்டாள்.

டாக்டரம்மா மலையாள வாடையோடு நிதானமாகக் கேட்டார்.

"வயசுக்கு வந்ததுல இருந்தே இப்படித்தானா?"

"ஆமாங்க."

"மாசாமாசம் வந்துடுமா?"

"தேதி தவறாதுங்க."

ரத்தம், தைராய்டு, ஸ்கேன் என்று எல்லாம் பார்த்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

"ஒரு குழப்பமும் இல்லை. சில பேருக்கு உடம்பு வாகே இதுதான். இதை வெச்சுக் குழந்தை உண்டாகாதுன்னு சொல்லவே முடியாது. அஞ்சு நாள் வந்துட்டிருந்தது திடீர்னு சுருங்கினாலோ, நின்னு போனாலோதான் உடனே வந்து காட்டணும்."

"இன்னொருக்காச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் மயிலாத்தாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார். மயிலாத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள் ராமாத்தாள். செல்வப்பிரியா பின்பக்கத்து ரூமைப் பார்த்துத் திரும்பினாள். மயிலாத்தாள் அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"எங்கே போறே? முன்வாசல்லயே ஏறி வா, அம்மிணி. போய் எல்லாருக்கும் காபி வை."

ராமாத்தாள் துள்ளி எழுந்தாள். "ஏ மயிலு! கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு? இன்னிக்கு மூணாம் நாள்! நேத்து நீதானே அந்தச் சத்தம் போட்டே?"

"போட்டேனுங்க. நீங்க இங்கே உக்காந்திருந்தீங்க, அதனால போட்டேன்."

"எனக்கும் அதுக்கும் என்னடி?"

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல, அதே பின்னாடிப் படியில நின்னு, 'எனக்கு ஒரு நாள்தானுங்க அண்ணி'ன்னு உங்ககிட்ட வெள்ளந்தியாச் சொன்னேன். அந்த வாரமே உங்க தம்பிக்கு வேற பொண்ணு பார்க்கக் கிளம்பினீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

ராமாத்தாள் மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

"அந்தப் பயத்துலதான் அடுத்த மாசத்துல இருந்து மூணு நாளும் போய் சும்மா உக்காந்துக்கிட்டேன். என் கதி இந்தப் புள்ளைக்கு வந்துடக் கூடாதுன்னுதான் இவளையும் உக்கார வெச்சேன். எனக்குக் கடைசி வரைக்கும் ஒரே நாள்தான் அண்ணி. அதுலதான் உங்க தம்பிக்கு மூணு பெத்தேன்!"