ஒரே டோக்கனில் இரண்டு ஜோடி

வெளியே பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரம்மா டோக்கனை மேஜையில் ஓங்கி வைத்தாள்.

"நான் விட்டது ஒரு ஜோடி! இந்த ஆம்பளைச் செருப்ப யாரு கேட்டா?"

"உங்க பின்னாடியே வந்தவரு, உங்க டோக்கன்லயே விட்டாரும்மா," என்றார் செருப்புக் காவலர்.

காலையிலிருந்து ஜியாரத் யாத்திரையில் போன இரண்டு தர்காவிலும் இதே ஜோடி, இதே பதில். இது மூன்றாவது இடம்.

"என் பின்னாடி யாரும் வரல. அடுத்த வருஷம் போலாம், அடுத்த வருஷம் போலாம்னு முப்பது வருஷமா ஒருத்தர் எனக்குக் காது குத்தினாரு. அதான் ஒத்தையா வந்திருக்கேன். போதுமா?"

அந்தச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நாற்பது மைல் தள்ளி, கடைசிப் பள்ளிவாசல். தொழுதுவிட்டு வந்தவளிடம் வேறொரு காவலர் இரண்டு ஜோடிகளை நீட்டினார். இம்முறை அவள் குனிந்து பார்த்தாள். இடது வாரில் சிவப்பு நூல். தன் கைத்தையல் தனக்கே தெரியாமல் போகுமா?

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆளில்லாத வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"இப்பத்தான் உங்களுக்கு நேரம் ஒழிஞ்சுதாக்கும்!"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கைக்குக் கீழே அந்தச் செருப்பை நேராக வைத்தாள். உட்கார வந்த பெண்ணிடம், "ஆள் வருது," என்றாள் எரிச்சலாக.

கணவரை அடக்கம் செய்த மறுநாள், அந்தச் செருப்பை அவளேதான் ஒரு வழிப்போக்கருக்குக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.